அப்பா செய்த கேன்சல்

வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஒருவர் திரும்பிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதை ஓய்வு என்று யாரும் சொல்வதில்லை. ரிட்டயர்டு என்பது வாத்தியாருக்கும் பஸ் கண்டக்டருக்கும் உரியது. துபாய்க்காரருக்கு உள்ள சொல் ‘கேன்சல்’. கம்பெனி விசாவை ரத்து செய்து அனுப்பிவிட்டது என்று பொருள். “உங்கப்பா லீவுல வந்திருக்காரா, கேன்சல்லயா?” என்று டீக்கடையில் கேட்பார்கள். லீவு என்றால் மரியாதை ஒரு மாதிரி, கேன்சல் என்றால் வேறு மாதிரி.

என் அப்பா கேன்சலில் வந்தார். துபாய்க்குக் கிழக்கே, அதே நாட்டின் புஜைராவில் எண்ணெய் டேங்குகள் கட்டும் இடத்தில் சாரம் கட்டுவது அவர் வேலை. நான் பால்வாடிக்குப் போகத் தொடங்கிய வருஷம் விமானம் ஏறியவர், நான் இஞ்சினியரிங் முடித்து முதல் சம்பளம் வாங்கிய பிறகுதான் நிரந்தரமாக வீட்டுக்கு வந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அதற்கான வெயிலை எல்லாம் அவர் அங்கே நின்று வாங்கிக்கொண்டார்.

பிறகு, அவர் கேன்சலாகி வந்த அதே நாட்டுக்கு நான் போனேன். துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் வேலை, கராமாவில் சின்னதாக ஒரு ஃபிளாட், செகண்ட் ஹேண்ட் கார் ஒன்று, மனைவி, மூன்று வயது மகள். இவ்வளவும் அமைந்தவுடன் நான் செய்த முதல் காரியம், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விசிட் விசா எடுத்ததுதான். குளிர்காலம் முழுக்க இருக்கட்டும் என்பது திட்டம். அவர் வேலைக்காரராகப் பார்த்த ஊரை விருந்தாளியாக ஒரு தடவை பார்க்க வேண்டும். எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் அப்போது இல்லை.

வந்த வாரமே அப்பா சொன்னார்: “தம்பி, டிக்கெட்ட மாத்திப் போட்டுடு.”

“ஏம்ப்பா, இங்க என்ன கொறச்சல்?”

“கொறச்சல் ஒண்ணுமில்லடா. இந்த ஊருல நான் சும்மா இருந்ததே இல்ல. சும்மா உக்காந்திருந்தா, யாரோ வந்து ‘என்ன இங்க உக்காந்திருக்க’ன்னு கேக்கப் போற மாதிரியே இருக்குது.”

அது வெறும் பேச்சில்லை. கண்ணால் பார்த்தேன். மாலுக்குக் கூட்டிப் போனால் சோபாவில் உட்கார மாட்டார், தூணோரமாக நிற்பார். பூங்காவில் புல்லைத் தொடக்கூட மாட்டார், காவலாளி விரட்டுவான் என்பார். அம்மா ஐஸ்கிரீம் சாப்பிட்டால், “சீக்கிரம் முடி” என்பார். ரோட்டில் ஆட்களை ஏற்றிய கம்பெனி பஸ் போனால் அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தால், தனக்காகத் திறந்தது என்று நம்பாமல், பின்னால் வருபவருக்கு வழிவிட்டு ஒதுங்குவார்.

அம்மாவிடம் கேட்டேன். “எனக்கு இருக்கணும்னுதான் ஆச. இப்பதான் வந்தேன், இன்னும் ஒரு மணல்மேடுகூடப் பாக்கல. அவரு கெளம்புனா நான் மட்டும் எப்புடிடா இருக்குறது?” என்றது. விமானத்தில் ஜன்னலோர இருக்கைக்காக அப்பாவுடன் சண்டை போட்டு வந்த அம்மா. அதன் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் அப்பா பிடித்த பிடியில் நின்றார். திங்கட்கிழமைக்கு டிக்கெட்டை மாற்றினேன். கையில் இருந்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அறிவித்தேன். “நாளைக்கு எனக்கு லீவு. எல்லாரும் சைட்சீயிங் போறோம்.”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “சைட்டுக்கா? என்னையுமா கூட்டிட்டுப் போற?”

“உங்களுக்காகத்தாம்ப்பா போறதே.”

“எத்தன மணிக்கு வண்டி?”

“வெயிலுக்கு முன்னாடி போயிடணும். அஞ்சரைக்குக் கெளம்பலாம்.”

வந்ததிலிருந்து பார்க்காத ஒரு வெளிச்சம் அவர் முகத்தில். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

விடியற்காலையில் சமையலறைச் சத்தம் கேட்டு எழுந்து வந்தால், ஹாலில் அப்பா தயாராக நிற்கிறார். முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பட்டன். தலையில் துண்டு, காது மூடி, பின்னால் முடிச்சு. இடது கையில் எங்கள் வீட்டுத் தண்ணீர் கேன். வலது கையில் டிபன் கேரியர். காலில் என்னுடைய சேஃப்டி ஷூ. கிடங்குக்குப் போட்டுப் போகிறதை பால்கனியில் கழற்றி வைத்திருந்தேன். அவருக்கு அது பெரிசு. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுச் சரிசெய்திருந்தார்.

“ஹெல்மெட் அங்கயே குடுப்பானா, நாம கொண்டுட்டுப் போவணுமா?” என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஊர் சுற்றிப் பார்க்கும் சைட் வேறு, வேலை நடக்கும் சைட் வேறு. இங்கிலீஷில் இரண்டுக்கும் எழுத்து வேறு, காதுக்கு ஒன்றுதான். அப்பா எழுத்து படித்தவரில்லை. அவருக்கு இந்த நாட்டில் சைட் என்றால் ஒரே சைட்தான். என் வேலையிடத்துக்கு அவரை அழைத்துப் போகிறேன், ஒருநாள் என்னோடு நின்று ஒத்தாசை செய்யப் போகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷம்தான் நான் நேற்று அவர் முகத்தில் பார்த்தது.

சமையலறைக்குள் ஓடினேன். அம்மா எலுமிச்சை சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் மனைவி வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு சிரித்துக் குலுங்கினாள்.

“அம்மா, அவரு சைட்டுன்னா…”

“தெரியும்டா. ராத்திரியே உன் பொண்டாட்டி சொல்லிட்டா. பொறப்பட்டு நிக்கிறாரு பாரு மாப்ள மாதிரி. கெடுக்காத. முதல்ல கார்ல ஏறட்டும்.”

கார் கராமாவை விட்டு வெளியே வந்து அல் குத்ரா பாலைவனத்துப் பக்கம் திரும்பியது. கட்டிடங்கள் குறைந்து, விளக்குகள் குறைந்து, இருபக்கமும் இருட்டு மணலாக மாறியது. அப்பா முன் சீட்டில் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன வேல நடக்குது தம்பி அங்க?”

பின்னாலிருந்து என் மனைவி, “மண்ணு வேலதான் மாமா” என்றாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

“எத்தன பேரு?”

“அஞ்சு பேரு மாமா. பாப்பாவோட சேத்து.”

காரை ரோட்டோரம் நிறுத்தியபோது கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது. அப்பா இறங்கினார். கேனைக் கீழே வைத்தார். சுற்றிலும் பார்த்தார். மேடு, அதற்குப் பின்னால் மேடு, அதற்கும் பின்னால் மேடு. ஒரு கிரேன் இல்லை, ஆபீஸ் நடத்தும் ஒரு தகர கேபின் இல்லை, ஓர் ஆள் இல்லை.

“எங்கடா ஒருத்தரையும் காணோம். சூப்பர்வைசர் யாரு?”

“நாந்தான் சூப்பர்வைசர்” என்றது அம்மா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. “உங்க டூட்டி அந்த மேட்டுல ஏறுறது. ஏறுங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், சைட்சீயிங் என்றால் வேடிக்கை பார்ப்பது என்று. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தலையில் கட்டிய துண்டை மெதுவாக அவிழ்த்தார். “அப்ப வேல இல்லயா?” என்று மட்டும் கேட்டார். “சரி. நீங்க பாத்துட்டு வாங்க. நான் கார்லயே இருக்கேன். திங்கக்கெழம போற ஆளுக்கு எதுக்கு இதெல்லாம்.”

அம்மா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. செருப்பை ஒரு கையில் பிடித்தது, பேத்தியை மறு கையில் பிடித்தது, ஏறத் தொடங்கிவிட்டது. இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. சறுக்கினால் சிரித்தது. வீட்டில் அம்மா சிரிக்கும்போது வாயை மூடிக்கொள்ளும். அங்கே மூட இரண்டு கையும் காலியாக இல்லை. அந்தச் சிரிப்பு எனக்கே புதுசு.

“ஏங்க! விழுந்துட்டா தூக்கி விட ஆளில்ல, வாங்க!”

“விழுவா இவ” என்று முனகிக்கொண்டே அப்பா நடந்தார். அதற்காகத்தான் போனார், வேடிக்கைக்காக இல்லை. பாதி மேட்டில் ஷூவுக்குள் மணல் நிறைந்துவிட்டது. பெரிய ஷூ அல்லவா, அள்ளிக் குடித்தது. உட்கார்ந்து ஒன்றைக் கழற்றினார், கொட்டினார். மற்றதைக் கழற்றினார். சாக்ஸை உருவினார். பாதத்தைக் கீழே வைத்தவர், சட்டென்று எடுத்தார். மறுபடி வைத்தார்.

“தம்பி.”

“என்னப்பா?”

“ஜில்லுன்னு இருக்குதுடா.”

“குளிர்காலம்ப்பா. விடியக்காலைல இப்புடித்தான் இருக்கும்.”

“எனக்குத் தெரியாதே” என்றார். “ஷூவ விட்டு எறங்குனதே இல்லயே இங்க. தங்குற கேம்புல எறங்குனா சிமெண்டுத் தரை. இந்த மண்ணு சுடும்னுதான நெனச்சிருந்தேன் இத்தன வருஷமும்.”

இரண்டு பாதத்தையும் மணலுக்குள் புதைத்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயில் மெல்ல மேட்டின் உச்சியில் பட்டு, கீழே இறங்கி, அம்மாவைத் தொட்டு, பாப்பாவைத் தொட்டு, அவரிடம் வந்தது. மணல் சாம்பல் நிறத்திலிருந்து மஞ்சளாகி, செங்கல் பொடி மாதிரி சிவந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. யாரும் வந்து ‘என்ன இங்க உக்காந்திருக்க’ என்று கேட்கவும் இல்லை.

மேலேயிருந்து என் மகள் கத்தினாள். “யல்லா தாத்தா! யல்லா! கம்!”

அப்பா துள்ளி எழுந்து நின்றுவிட்டார். கை தானாகத் தலைத் துண்டைத் தேடியது. அந்தச் சொல்லுக்கு அவர் உடம்பு அப்படிப் பழகியிருந்தது. வேகமாகச் செய், சீக்கிரம் வா, அடுத்தது எடு, எல்லாவற்றுக்கும் ஃபோர்மேன் சொல்வது அந்த ஒரு சொல்தான். நின்ற பிறகுதான் யார் கூப்பிட்டது என்று பார்த்தார்.

“யாருடா இவளுக்குச் சொல்லிக்குடுத்தது இத?”

“நர்சரி டீச்சர்ப்பா.”

“அடி கழுத!” அப்பா சிரித்தார். “இந்த யல்லாவக் கேட்டாலே எனக்கு ஃபோர்மேன் மூஞ்சிதான் முன்னால வரும். இவ வாயில கேக்க என்னமோ மாதிரி இருக்குது. இன்னொருக்கா சொல்லு கண்ணு.”

“யல்லா தாத்தா!”

மேலே போனார். நடையா அது, ஓட்டம். உச்சியில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார். அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பேத்தியைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டு, மேட்டின் மறுபக்கம் சர்ரென்று சறுக்கிக் கீழே போனார். “ஐயோ இடுப்பு!” என்று அம்மா கத்தியது. கீழே இரண்டு பேரும் மணலில் புரண்டு கிடந்தார்கள். அப்பாவின் மீசை முழுக்க மணல்.

“இடுப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு! நீ எறங்கு!”

“நான் மாட்டேன், போங்க.”

“சூப்பர்வைசர்ன்னியே! எறங்கு!”

அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, புடவையைக் காலோடு சுருட்டிக்கொண்டு இறங்கியது. கீழே வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக, “இன்னொரு தடவ” என்றது.

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. நானும் சறுக்கினேன், என் மனைவியும் சறுக்கினாள். பிறகு அங்கே மணலுக்கு நடுவே வெட்டியிருந்த ஏரியின் கரைக்குப் போய்ப் பாய் விரித்து எலுமிச்சை சோறும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். தூரத்தில் ஓர் ஒட்டகம் எங்களைக் கொஞ்சமும் மதிக்காமல் நடந்து போயிற்று. “மொதலாளி நடை” என்றார் அப்பா. தண்ணீரில் வாத்துகள் இருந்தன. பாலைவனத்தில் வாத்து இருப்பதை அம்மாவால் நம்பவே முடியவில்லை. “இதெல்லாம் சம்பளத்துக்கு வெச்சிருக்காங்களாடா?” என்று கேட்டது. அப்பா பாயில் படுத்துக்கொண்டார். மல்லாக்க, ஒரு காலை இன்னொரு கால்மேல் போட்டு. இந்த நாட்டில், பட்டப்பகலில், வானத்தைப் பார்த்து.

வெயில் ஏறியதும் என் மனைவி, “வீட்டுக்குப் போலாமா மாமா?” என்றாள்.

அப்பா கண்ணைத் திறக்காமல், “மாஃபி!” என்றார்.

இல்லை, முடியாது, கிடையாது, எல்லாம் அந்த ஒரு அரபுச் சொல்லில் அடங்கும். லீவு மாஃபி, ஓவர்டைம் மாஃபி, டிக்கெட் மாஃபி என்று அவர் எத்தனையோ தடவை கேட்டுக்கொண்ட சொல். அதைச் சொல்லும் வாய்ப்பு அன்றைக்குத்தான் அவருக்கு வந்தது. சொல்லிவிட்டு ருசி பார்க்கிற மாதிரி உதட்டை அசைத்தார். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக, “மாஃபி!” என்றார். பாப்பாவும் சேர்ந்துகொண்டு கத்தினாள்.

திரும்பி வரும்போது காரில் டிக்கெட்டைப் பற்றி நான் பேசவில்லை. பயமாக இருந்தது. கராமாவுக்குள் நுழையும்போது அவரே பேச்சை எடுத்தார்.

“நாளைக்கு எந்த சைட்டு?”

“நீங்களே சொல்லுங்கப்பா.”

“என் சைட்டுக்குப் போவோம். உங்கம்மா பாக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை புஜைராவுக்குப் புறப்பட்டோம். சமவெளி முடிந்து மலை தொடங்கியது. ஒரு மரம்கூட இல்லாத மலைகள், ஒன்றன் தோளில் ஒன்று கையைப் போட்ட மாதிரி. ஒரு சுரங்கப்பாதை முடிந்து வெளிச்சத்துக்கு வந்தால் இன்னொரு மலை, ஊதா நிறத்தில். அம்மா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு வந்தது. பிறகு அப்பாவின் தோளில் ஒரு இடி இடித்தது.

“என்னங்க இது? எண்ணெ டேங்கத் தவிர ஒரு மண்ணும் இல்லன்னுதான போன்ல சொல்லுவீங்க? இம்மாம் பெரிய மலைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

“நான் எங்கடி பாத்தேன்? இந்தப் பக்கம் வந்தா பஸ்ஸுல ஏறுன ஒடனே தூங்கிருவோம். போறப்பயும் தூக்கம், வாரப்பயும் தூக்கம்” என்றார் அப்பா. அவரும் அம்மாவைவிடக் குறைவாகப் பார்த்துக்கொண்டு வரவில்லை. இரண்டு பேருக்கும் அது முதல் தடவைதான்.

ஊருக்குள் போனதும் தூரத்தில் டேங்குகள் தெரிந்தன. வெள்ளை வெள்ளையாக, கவிழ்த்து வைத்த டம்ளர்கள் மாதிரி. காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். விரலை நீட்டி, “அதுல ஒண்ணு. அதுக்குப் பின்னாடி இருக்குல்ல, அதுலயும்” என்றார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தது.

“நல்லாத்தான் கட்டியிருக்கீங்க” என்றது. அவ்வளவுதான். அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு கடற்கரைக்குப் போனோம். சாரத்தின் உச்சியில் நின்றால் இந்தக் கடல் முழுக்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அத்தனை வருஷம் தினமும் பார்த்த கடல். ஒருநாளும் கிட்டே வந்ததில்லை. இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை, யாரும் விழவும் இல்லை. செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தார், பேண்ட்டை முழங்கால் வரை மடித்தார், நேராக இறங்கினார். முழங்கால், இடுப்பு. மடித்தது எதற்கு என்று தெரியவில்லை. ஓர் அலை வந்து நெஞ்சில் அடித்தது. திரும்பி எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார், பந்தயத்தில் முதலில் வந்தவர் மாதிரி. அம்மா கரையில் நின்று, “அந்த மனுசனப் பாருடா” என்றது, பெருமை தாங்காமல்.

நனைந்த சட்டையோடு வந்து காரில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சீட்டு நனையுமே என்று கவலைப்படவில்லை. போனை எடு என்றார்.

“எதுக்குப்பா?”

“அந்த டிக்கெட்டு இருக்குல்ல, நாளைக்குப் போட்டது.”

“ஆமா.”

“அத கேன்சல் பண்ணு.” அந்தச் சொல் தன் வாயில் வந்தது அவருக்கே உறைத்தது. பிறகு ஓவென்று சிரித்தார். “அன்னைக்கு என்னைய கேன்சல் பண்ணி அனுப்புனாங்கல்ல? இன்னைக்கு நான் பண்றேன் கேன்சலு. பண்ணுடா தம்பி!”

அம்மா என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தது. எழுத்து தெரியாது, இருந்தாலும் நான் அழுத்துவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பியது.

ஹத்தா அணை, லிவா மணல், கொர்ஃபக்கான் கடற்கரை, ஒவ்வொரு வார லீவிலும் ஒன்றாக அந்தக் குளிர்காலம் எங்களுடையதானது. சனிக்கிழமை விடியும்போது அம்மா கேரியரோடும் அப்பா கேனோடும் நிற்பார்கள். என் ஷூவை மட்டும் அவர் பிறகு தொடவே இல்லை. வெறும் ரப்பர் செருப்பு, அதுவும் மணலைப் பார்த்ததும் கழன்றுவிடும்.

ஒருநாள் மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தபோது ஊரிலிருந்து அவருடைய கூட்டாளி போன் செய்தார். இவரோடு சேர்ந்து கேன்சலில் வந்தவர். ஸ்பீக்கரில் கேட்டது.

“என்னப்பா, பத்து நாள்ல வந்துருவன்னு சொன்ன? ஆளையே காணோம்?”

அப்பா காலை மணலுக்குள் இன்னும் கொஞ்சம் புதைத்துக்கொண்டார்.

“எங்கப்பா வர்றது?” என்றார். “இங்க சைட்டு ஜாஸ்தி.”